டிஸ்ப்ளே உடைஞ்சா போனே போச்சா? ‘ரிப்பேர் உரிமை’ என்றால் என்ன... கணியூர் கடை வரைக்கும் அது வருமா?

ஒரு உதாரணம் பார்க்கலாம். சனிக்கிழமை சாயங்காலம், வாரச் சம்பளம் போடுற நாள். பனியன் கம்பெனி வண்டியில் இருந்து இறங்கும்போது ஒரு அக்காவின் கையில் இருந்த போன் நழுவி, குப்புற ரோட்டில் விழுகிறது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க விரிசல், கீழ்ப் பாதி கறுப்பு. மணி அடிக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை.

இது நடக்கும் இடம் திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் தாலுகாவில் இருக்கும் கணியூர் பேரூராட்சி என்று வைத்துக்கொள்வோம். கருமத்தம்பட்டி பக்கம் டோல்கேட் இருக்கும் கணியூர் இல்லை, அமராவதி பாசனத்துக் கணியூர். அந்த அக்கா போவது பக்கத்தில் இருக்கும் மொபைல் கடைக்குத்தான்.

“ஏனுங்ண்ணா, இது சரியாகுமுங்களா?”

“ஆகும்ங்க்கா. காம்போ மாத்தணும். கம்பெனி காம்போ போடட்டுங்களா, சாதா போதுங்களா?”

“கம்பெனிதுன்னா, போன் கம்பெனியே குடுக்கறதுங்களா?”

இந்தக் கேள்விக்குத்தான் கடைக்காரரிடம் நேரான பதில் இருக்காது. அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. நிறைய மாடல்களுக்கு ஒரிஜினல் பாகம் அவருக்கே கிடைப்பதில்லை என்பதுதான் விஷயம்.

போன் நம்முடையது, காசு நம்முடையது. ஆனால் அதைத் திறக்கவும், பாகம் மாற்றவும் யாருக்கு அனுமதி? உலகம் முழுக்க இப்போது நடக்கும் ‘ரைட் டு ரிப்பேர்’, அதாவது பழுதுபார்க்கும் உரிமை பற்றிய விவாதம் இதைப் பற்றித்தான். இந்தியாவில் இது எந்த அளவுக்கு வந்திருக்கிறது? நமக்கு அதனால் என்ன லாபம்? விரிவாகப் பார்க்கலாம்.

போனைத் திறப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

பழைய நோக்கியா போன் ஞாபகம் இருக்கா? பின்னாடி மூடியை நகத்தால் தள்ளினால் கழன்று வரும். பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். பேட்டரி வீக் ஆனால் கடையில் புதுசு வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம்.

இன்றைய ஸ்மார்ட்போனில் அது முடியாது. முன்னாடி கண்ணாடி, பின்னாடி கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். இரண்டும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் அதைத் திறக்க முதலில் சூடு காட்டுகிறார். ஹீட் கன் அல்லது சூடான தட்டில் போனை வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாகச் சுற்றி வருகிறார். சூடு அதிகமானால் டிஸ்ப்ளே கெடும். தகடு ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் ஸ்ட்ரிப் (பாகங்களை இணைக்கும் மெல்லிய நாடா போன்ற கேபிள்) அறுந்துபோகும்.

உள்ளே போனால் பொடிப்பொடி ஸ்க்ரூக்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் முறுக்கினால் மதர்போர்டையே குத்திவிடும். சில கம்பெனிகள் வழக்கமான நட்சத்திர ஸ்க்ரூவுக்குப் பதிலாக வேறு வடிவத் தலையோடு போடுகின்றன. ஐபோனின் அடிப்பக்கம் இருக்கும் ஐந்து இதழ் வடிவ ஸ்க்ரூ இதற்கு நல்ல உதாரணம். அதற்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

முன்பு மேல் கண்ணாடி, டச், டிஸ்ப்ளே என்று தனித்தனியாக மாற்ற முடிந்தது. இப்போது மூன்றும் ஒன்றாக ஒட்டி வருகிறது. அதைத்தான் கடையில் ‘காம்போ’ என்கிறார்கள். மேல் கண்ணாடியில் மட்டும் கீறல் விழுந்தாலும் பெரும்பாலும் முழு காம்போவையும் மாற்றச் சொல்வது இதனால்தான். போனிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றும் அதுதான்.

பேட்டரி கதை இன்னும் கவனமானது. லித்தியம் அயன் பேட்டரி என்பது தேய்மானப் பொருள். செருப்பு மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முறை முழுதாக சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்கும் வகையில் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் இது 1,000 முறை. எந்த போனாக இருந்தாலும் ஒருநாள் பேட்டரி மாற்றித்தான் ஆகணும். அப்படி இருந்தும் பல மாடல்களில் அதை வலுவான பசையால் ஒட்டியே வைக்கிறார்கள். பிடுங்கும்போது வளைந்தாலோ, கூரான கருவி குத்தினாலோ தீப்பிடிக்கும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே முயற்சி செய்ய வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

கம்பெனியா, காப்பியா, கழட்டினதா?

கடையில் நமக்குப் போடப்படும் பாகம் பொதுவாக மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, போன் கம்பெனியே சப்ளை செய்யும் ஒரிஜினல் பாகம். இது பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போகும். கணியூர் மாதிரி ஊரில் அப்படி ஒரு சென்டரை எதிர்பார்க்க முடியாது. உடுமலைக்கோ திருப்பூருக்கோ கோவைக்கோ பஸ் ஏறணும். பாகம் ஸ்டாக் இல்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். ஷிஃப்ட் கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

இரண்டாவது வகை, வேறு தொழிற்சாலைகள் செய்து தரும் மாற்றுப் பாகம். பேச்சு வழக்கில் ‘காப்பி’. இதிலேயே நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. ஒரிஜினலில் ஓஎல்இடி திரை இருந்த போனுக்கு விலை குறைந்த எல்சிடி திரையைப் போட்டால் படம் வரும். ஆனால் வெளிச்சம் குறையும், பேட்டரி சீக்கிரம் தீரும், திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாமலும் போகலாம்.

மூன்றாவது வகை, செத்துப்போன இன்னொரு செட்டில் இருந்து கழட்டிய ஒரிஜினல் பாகம். விலை குறைவு, தரம் பரவாயில்லை. ஆனால் எவ்வளவு நாள் ஓடியது, யாருடைய போனில் இருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

இந்த மூன்றில் எது போடப்படுகிறது என்று பில்லில் எழுதித் தரும் கடைகள் குறைவு. வாடிக்கையாளரும் கேட்பதில்லை. பிரச்சினை வந்தபிறகுதான் “கம்பெனிதுன்னு சொன்னீங்களேண்ணா” என்று சண்டை வருகிறது.

சரியான பாகம் போட்டாலும் போன் ஏற்க மறுப்பது ஏன்?

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். ஒரே மாடல், ஒரே கம்பெனி, இரண்டுமே ஒரிஜினல். ஒரு போனின் பாகத்தை இன்னொரு போனில் மாட்டினால் வேலை செய்யணும்தானே? எப்போதும் இல்லை.

சில போன்களில் டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா போன்றவற்றுக்குத் தனித்தனி சீரியல் நம்பர் இருக்கும். அந்த நம்பர் மதர்போர்டோடு சாஃப்ட்வேர் வழியாக ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். பாகத்தை மாற்றினால் ‘இது தெரியாத பாகம்’ என்று எச்சரிக்கை வரும், அல்லது ஏதாவது ஒரு வசதி நின்றுபோகும். இதற்குப் பெயர் ‘பார்ட்ஸ் பேரிங்’.

இதில் பேசப்பட்ட இரண்டு சம்பவங்கள் ஆப்பிளுடையவை. 2016-ல் வெளியே ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள் சாஃப்ட்வேர் அப்டேட் செய்ததும் ‘எரர் 53’ என்று காட்டி அப்படியே முடங்கின. வெளியாள் ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக இலவசச் சேவையை மறுக்க முடியாது என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஜூனில் அந்நாட்டு நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அடுத்து 2021-ல் வந்த ஐபோன் 13. வெளியே திரை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. எதிர்ப்பு கிளம்பியதும் சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் இதைச் சரிசெய்வதாக ஆப்பிள் அறிவித்தது. 2024 ஏப்ரலில், ஐபோன் 15 முதல் பழைய ஒரிஜினல் பாகங்களையும் ரிப்பேருக்குப் பயன்படுத்த வழி செய்வதாகவும் சொன்னது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நேற்று வேலை செய்யாத பாகம் இன்று வேலை செய்கிறது. நடுவில் மாறியது சாஃப்ட்வேர் மட்டும்தான். அப்படியானால் அந்தத் தடை தொழில்நுட்பத்தின் எல்லை இல்லை, கம்பெனி எடுத்த முடிவு.

கம்பெனிகள் தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதையும் கேட்கணும்.

பசை போட்டு மூடுவதால்தான் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது என்கிறார்கள். ஐபி68 தரம் உள்ள போன் மழையில் நனைந்தாலும் தாங்குவது அந்தப் பசையாலும் ரப்பர் வளையங்களாலும்தான். மூடி கழட்டும் வடிவம் வைத்தால் போன் தடிமனாகும் என்கிறார்கள். கைரேகை, முகம் போன்றவற்றைப் படிக்கும் பாகத்தில் போலியை நுழைத்தால் பூட்டையே ஏமாற்றலாம் என்ற பாதுகாப்பு வாதமும் உண்டு. பேட்டரி ஆபத்தும் கற்பனை இல்லை. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்ததால் அந்த மாடலையே உலகம் முழுக்கத் திரும்பப் பெற வேண்டி வந்தது. கம்பெனி பேட்டரிக்கே அந்த நிலை என்றால் மட்டமான காப்பி பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இந்த வாதங்களில் ஒரு ஓட்டை இருக்கிறது. காப்பி பேட்டரி ஆபத்து என்றால், ஒரிஜினல் பேட்டரியைத் தெருக்கடைக்கும் விற்கலாமே? ஒரிஜினல் கிடைக்காத இடத்தில்தான் காப்பி விற்கிறது. தண்ணீர் புகாத போனையும் திறந்து மூட முடியும் என்பதற்கு அவர்களுடைய சொந்த சர்வீஸ் சென்டர்களே சாட்சி. அங்கேயும் சூடு காட்டித்தான் திறக்கிறார்கள், புதுப் பசை ஒட்டித்தான் மூடுகிறார்கள். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழட்டி மாட்டும் போனையே விற்கிறது. அதன் சில மாடல்களில் பேட்டரியைக் கையாலேயே எடுக்கலாம்.

இந்தியாவில் என்ன நடந்திருக்கிறது?

2022 ஜூலை: மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் இதற்காகத் தேர்வு செய்யப்பட்டன.

2022 டிசம்பர் 24: தேசிய நுகர்வோர் தினத்தன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளம் தொடங்கப்பட்டது. எந்தக் கம்பெனியின் சர்வீஸ் விவரம், வாரண்டி விவரம் எங்கே கிடைக்கும் என்பதை ஒரே இடத்தில் தருவது இதன் நோக்கம்.

2024 செப்டம்பர்: மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ் துறைக்கு ‘ரிப்பேரபிலிட்டி இண்டெக்ஸ்’, அதாவது எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் முறையை வகுக்க, பரத் கேரா தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

2025 மே: குழு தன் அறிக்கையை நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் நிதி காரேவிடம் கொடுத்தது.

அறிக்கையில் என்ன இருக்கிறது? அடிக்கடி கெடும் பாகங்களை ‘முன்னுரிமைப் பாகங்கள்’ என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பேட்டரி, டிஸ்ப்ளே, பின் கவர், முன் பின் கேமராக்கள், சார்ஜிங் போர்ட், பட்டன்கள், மைக், ஸ்பீக்கர், மடக்கு போனின் கீல், ஹெட்போன் ஜாக். கணியூர் கடைக்குத் தினமும் வரும் வேலைகளும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

மதிப்பெண் எதை வைத்து? ஒரு பாகத்தை எடுக்க எத்தனை படி கழட்டணும், ரிப்பேர் தகவல் கிடைக்கிறதா, ஸ்பேர் பாகம் நியாயமான நேரத்தில் கிடைக்குமா, எத்தனை வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் வரும், என்ன மாதிரிக் கருவியும் ஸ்க்ரூவும் வேண்டும் என்பவைதான் அளவுகோல். இந்த மதிப்பெண்ணைக் கடையிலும், ஆன்லைன் விற்பனைத் தளத்திலும், பெட்டியின் மேல் க்யூஆர் கோடாகவும் காட்டணும் என்பது பரிந்துரை. ஃபிரிட்ஜில் ஸ்டார் பார்த்து வாங்குகிறோமே, அதுபோலத்தான்.

வெளிநாடுகளில் எப்படி?

இந்த யோசனை பிரான்ஸில் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்த ஒன்றுதான். 2021 ஜனவரி 1 முதல் அங்கே ஸ்மார்ட்போன்களுக்கு 10-க்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் கட்டாயமாக்கப்பட்டது.

ஐரோப்பிய யூனியன் அடுத்த படிக்கே போய்விட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது ஸ்மார்ட்போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்றபிறகும் 7 ஆண்டுகள் முக்கிய ஸ்பேர் பாகங்கள் கிடைக்கணும். கேட்டால் 5 முதல் 10 வேலை நாட்களுக்குள் தரணும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதம் தாங்கணும். பாகங்களும் தேவையான சாஃப்ட்வேரும் தொழில்முறை ரிப்பேர் செய்பவர்களுக்கும் கிடைக்கணும். 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே எடுத்து மாட்டும்படி இருக்கணும் என்பது இன்னொரு விதி. நீண்ட ஆயுள் பேட்டரி போன்றவற்றுக்குச் சில விதிவிலக்குகளும் உண்டு.

அமெரிக்காவில் நியூயார்க், மினசோட்டா, கலிஃபோர்னியா மாநிலங்கள் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் சட்டம் கொண்டுவந்தன. 2024-ல் ஓரிகன் மாநிலம் பார்ட்ஸ் பேரிங்கையே தடுக்கும் சட்டம் போட்டது.

அப்போ இந்தியாவின் இண்டெக்ஸ் போதுமா?

இண்டெக்ஸ் நல்ல தொடக்கம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்க்கணும்.

முதலில், இது குழுவின் பரிந்துரை. அறிக்கை கொடுத்ததாலேயே எதுவும் சட்டம் ஆகிவிடாது. இரண்டாவது, மதிப்பெண்ணைக் கணக்கிட்டு அறிவிக்கப் போவது போன் கம்பெனியேதான். அவர்களுக்குக் கூடுதல் சுமை இல்லாமல் இதைச் செய்யலாம் என்றுதான் அறிக்கையும் சொல்கிறது. அந்த மதிப்பெண் சரியா என்று யார் சோதிப்பது என்பது பெரிய கேள்வி. மூன்றாவது, மதிப்பெண் உதவுவது புது போன் வாங்கும் நேரத்தில். ஏற்கெனவே கையில் இருக்கும் போனுக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கும் போனுக்கும் அதனால் உடனடிப் பலன் இல்லை.

நான்காவதுதான் முக்கியம். குறைந்த மதிப்பெண் வாங்கிய கம்பெனி என்ன செய்யணும்? எதுவும் செய்ய வேண்டாம். ‘ஐந்துக்கு ஒன்று’ என்று பெட்டியில் எழுதிவிட்டு விற்கலாம். இண்டெக்ஸ் தருவது தகவல். ஐரோப்பிய விதி தருவது பாகம். ரோட்டில் விழுந்த போனுக்குத் தேவை பாகம்தான்.

பாகத்தை விற்கச் சொல்ல நம் நாட்டில் வழியே இல்லையா? ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கார் கம்பெனிகள் ஒரிஜினல் ஸ்பேர் பாகங்களையும் ரிப்பேர் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல், தங்கள் டீலர்களிடமே வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதாக ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ரூ.2,544 கோடிக்கும் மேல் அபராதம் விதித்தது. பாகங்களும் தகவல்களும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. பல கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்த உத்தரவின் அடிப்படை தெளிவு: பொருளை விற்றபிறகு அதன் ஸ்பேர் சந்தையைப் பூட்டி வைப்பது நியாயமான வியாபாரம் இல்லை. காருக்குப் பொருந்திய இந்த நியாயம் போனுக்கு ஏன் பொருந்தக் கூடாது?

திருப்பூர்காரர்களுக்கு இது புதுசா?

இல்லை. இந்த ஊரின் தொழிலே ரிப்பேரை நம்பித்தான் ஓடுகிறது.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் லூப்பர் உடைந்தால் யாரும் மெஷினைத் தூக்கிப் போடுவதில்லை. மெக்கானிக் வருவார், ஸ்பேர் கடையில் லூப்பர் வாங்குவார், மாட்டுவார், டைமிங் பார்ப்பார், மெஷின் ஓடும். ஜப்பான் மெஷினோ சீனா மெஷினோ, பாகம் கடையில் கிடைக்கும். வீட்டில் இரண்டு பவர் டேபிள் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பவர் தைரியமாகப் பழைய மெஷின் வாங்குவதே, கெட்டால் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான். மெஷினைக் கம்பெனிக்காரன் மட்டுமே திறக்கணும் என்று ஒரு நிலை இருந்திருந்தால், சின்ன யூனிட்டுகள் இத்தனை முளைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

போனும் இன்று அதே மாதிரி ஒரு தொழில் கருவி. சம்பளம் ஏறிய மெசேஜ் அதில்தான் வரும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் போவது அதில்தான். நாளைக்கு எந்த ஷிஃப்ட், வண்டி எத்தனை மணிக்கு என்பதும் அதில்தான். ரேஷன், கேஸ், பேங்க் என எல்லா ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் வரும். ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்து இங்கே தங்கி வேலை செய்பவருக்கு வீட்டோடு இருக்கும் ஒரே தொடர்பும் அதுதான். போன் இரண்டு நாள் கெட்டுக் கிடந்தால் அவருக்கு நிற்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை.

இன்னொரு முரணையும் கவனியுங்க. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. இப்போது ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும், செங்கல்பட்டு அருகிலும், ஓசூரிலும் உருவாகின்றன. தமிழ்நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்த லைன்களில் நின்று பாகங்களைப் பொருத்துகிறார்கள். பொருத்தும் வேலை இங்கே. ஆனால் அதே பாகத்தைக் கழட்டி மாற்ற, அதே மாநிலத்தில் இருக்கும் சின்னக் கடைக்கு ஒரிஜினல் பாகம் எளிதில் கிடைக்காது.

மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் மொபைல் ஹார்டுவேர் ரிப்பேர் ஒரு படிப்பாகவே இருக்கிறது. அரசு ஒரு கையால் பயிற்சி கொடுக்கிறது. படித்து முடித்துக் கடை வைப்பவருக்கு ஒரிஜினல் டிஸ்ப்ளே எங்கே வாங்குவது என்பதற்கு மறு கையில் பதில் இல்லை.

கடைசியாகக் குப்பைக் கணக்கு. 2022-ல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. ஒரு போன் கூடுதலாக இரண்டு வருஷம் ஓடினால் அந்தக் குவியலில் அது அத்தனை நாள் தாமதமாகச் சேரும்.

சட்டம் வரும் வரை நாம் என்ன செய்யலாம்?

1. முதலில் வாரண்டி பாருங்க. வாரண்டி இருக்கும்போது வெளியே திறந்தால், கம்பெனி அதைக் காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். தானாக வந்த பழுது என்றால் சர்வீஸ் சென்டர்தான் சரி. கீழே விழுந்து உடைந்தது பொதுவாக வாரண்டியில் வராது.

2. கடையில் மூன்று கேள்வி கேளுங்க. போடப்போவது ஒரிஜினலா, மாற்றுப் பாகமா, கழட்டின பாகமா? எத்தனை நாள் கேரண்டி? மாற்றிய பிறகு எந்த வசதியாவது வேலை செய்யாமல் போகுமா? பதிலை பில்லில் எழுதி வாங்குங்க. உடைந்த பழைய பாகத்தையும் கேளுங்க.

3. பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். கையடக்கச் சாதனங்களின் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கணும். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பேட்டரி உப்பி, பின் மூடி தூக்கினால் சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்க.

4. போனைக் கொடுக்கும் முன் தகவலைப் பூட்டுங்க. முடிந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, சிம் மற்றும் மெமரி கார்டைக் கழட்டிக்கொள்ளுங்க. டிஸ்ப்ளே, பேட்டரி மாற்ற பின் நம்பர் பொதுவாகத் தேவையில்லை. சோதித்துப் பார்க்கணும் என்றால் நீங்களே திறந்து காட்டுங்க. சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, கூகுள் பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டால் போட்டோ, மெசேஜ் எதுவும் தெரியாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 முறை லேப்டாப்களை ரிப்பேருக்குக் கொடுத்துச் சோதித்தபோது, 6 முறை உள்ளே இருந்த அந்தரங்கத் தகவலைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நல்ல கடைக்காரருக்கும் இந்தப் பூட்டு நல்லதுதான், வீண்பழி வராது.

5. திரும்ப வாங்கும்போது கடையிலேயே சோதியுங்க. ஒரு கால் பேசுங்க. முன் பின் கேமரா, ஸ்பீக்கர், மைக், சார்ஜிங், கைரேகை, திரையின் நான்கு மூலைகளிலும் டச் எல்லாம் பாருங்க. திறந்து மூடிய போனுக்குப் பழைய தண்ணீர்த் தடுப்பு இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

6. மாற்றுவதா, புதுசா? ரிப்பேர் செலவையும், அதே போன் செகண்ட் ஹேண்டில் என்ன விலை போகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பாதிக்கும் கீழ் என்றால் மாற்றுவது பொதுவாக லாபம். ஆனால் சாஃப்ட்வேர் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் யுபிஐ வைத்திருந்தால் அதையும் யோசிக்கணும்.

7. ஏமாந்தால் விடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சர்வீஸ் சென்டர் செய்த தவறானாலும், தெருக்கடை செய்த தவறானாலும் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில் மட்டும் அவசியம்.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

இண்டெக்ஸ் பற்றிய செய்தி வரும்போது, ‘மதிப்பெண் வந்துவிட்டது’ என்பதோடு நின்றுவிட வேண்டாம். நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்க. மதிப்பெண் கட்டாயமா? அதை வெளியில் இருந்து சோதிப்பார்களா? பேட்டரி, டிஸ்ப்ளே போன்ற முன்னுரிமைப் பாகங்களை அறிவித்த விலையில் எந்தக் கடைக்கும் விற்கணும் என்று விதி வருகிறதா? பார்ட்ஸ் பேரிங் பற்றி ஏதாவது சொல்கிறதா? கடைசி இரண்டுக்கும் பதில் ‘ஆம்’ என்று வந்தால்தான் கணியூர் கடையில் அந்த அக்கா கேட்ட கேள்விக்குக் கடைக்காரரால் நேராகப் பதில் சொல்ல முடியும்.

“ஆமாங்க்கா, கம்பெனி குடுக்கறதுதான். இந்தாங்க, பில்லு.”